உயிர் யாருடையது?

நிலத்துக்கு அடியில் ஓடும் மழைநீர் வடிகான்களுக்குள் இறங்கி, கைவிளக்கின் ஒளியில் நெடுந்தூரம் நடந்து பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உண்டு என்றால் நம்புவீர்களா? அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் 1986ஆம் ஆண்டு இளைஞர் மூவர் இதற்கென்றே 'கேவ் கிளான்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னர் அது அந்நாட்டின் வேறு நகரங்களுக்கும் பரவியது.

ஆள் நிமிர்ந்து நடக்கும் சுரங்கக் கான்கள் நம் மட்டக்களப்பில் எங்கே என்று கேட்பீர்கள். நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று மெல்பேணிலும் சிட்னியிலும் வளர்கிறார்கள். அதுவும் போக, மாரி வெள்ளம் இரைந்து ஓடும்போது மதகுக்குள் நுழைந்து மறுபக்கம் வரத் துடிக்கும் பையன் எந்த ஊரில் இல்லை? "என் உயிர், என் விருப்பம், உங்களுக்கென்ன?" என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

அதட்டுவது பதிலாகாது. காணாததைக் காண விரும்புவது பாவமன்று. கல்லடிப் பாலத்தடிக்கு நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துப் பாடும் மீனைக் கேட்டவர்கள் நாம். இயேசு சபைத் துறவி லாங் அடிகளாரின் முயற்சியால் அந்த ஒலி 1960களில் இலங்கை வானொலியிலும் ஒலித்தது. அது வீண் வேலை என்று எவர் சொல்வார்?

ஆனால் ஆபத்தையே சுவைப்பதற்காக ஆபத்தில் இறங்குவது வேறு. புனித தோமஸ் அக்குவினாஸ் மனத்திடத்தைப் புண்ணியம் என்கிறார். அச்சப்பட வேண்டியதற்கு அஞ்சாமையையும், கண்மூடித் துணிதலையும் அதற்கு எதிரான குற்றங்களாக வைக்கிறார். கோவில் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது ஆண்டவர் மறுத்ததை மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கோழை என்று அவரை யாரும் சொல்லத் துணியார்!

வடிகானின் இயல்பையும் சற்று எண்ணிப் பாருங்கள். மழை பெய்தால் கானுக்குள் இறங்கக்கூடாது என்பது மெல்பேண் சங்கத்தாரே வைத்துக்கொண்ட விதி. நல்ல விதிதான். ஆயினும் தலைக்கு மேல் வானம் வெளித்திருக்க, தொலைவில் பெய்த மழை கான் வழியே திரண்டு வரும். உள்ளே இருப்பவனுக்கு வானம் தெரியாது. ஒதுங்கி நிற்கக் கரையும் இல்லை. அழுகல் தேங்கிய இடத்தில் நச்சுவாயு வேறு. அது மிகுந்தால் மூக்கு மணமறியும் ஆற்றலையே இழந்துவிடும். எலிக்காய்ச்சலைப் பற்றி நம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லை.

தாய்லாந்தில் 2018 யூன் 23ஆம் திகதி 12 சிறுவரும் அவர்களுடைய பயிற்றுநரும் தாம் லுவாங் குகைக்குள் போய், மழைவெள்ளத்தில் அகப்பட்டார்கள். அது இயற்கைக் குகை, கான் அன்று. நீரின் கணக்கு ஒன்றே. யூலை 10க்குள் பதின்மூவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஆனால் சமன் குணான் என்ற முன்னாள் கடற்படைச் சுழியோடி, உள்ளே ஒட்சிசன் உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில், யூலை 6ஆம் திகதி இறந்தார். தாமாக முன்வந்து போனவர் அவர். அந்தச் சிறுவர்களை நான் குறைசொல்ல வரவில்லை, பிள்ளைகள்தானே. "என் உயிர்" என்று சொல்பவனின் கணக்கில் சமன் குணானின் உயிர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. இந்தியாவில் கழிவுநீர்க் குழிகளுக்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதன் பின்பும் ஏழைத் தொழிலாளர் இறக்கப்பட்டார்கள், மூச்சடைத்து மாண்டார்கள். ஒருவன் சிலிர்ப்புக்காகத் தேடிப் போகும் இருளுக்குள், இன்னொருவன் அன்றாடச் சோற்றுக்காகத் தள்ளப்படுகிறான். முன்னவனின் துணிச்சலைப் புகழ்கிறோம். பின்னவனைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறோம்.

புனித செபஸ்தியாரின் உடலை உரோமையின் பெருங்கானில் எறிந்தார்கள் என்றும், லூசினா என்ற பெண்மணி அதை மீட்டு அடக்கம் செய்தார் என்றும் மரபு கூறுகிறது. கானின் நாற்றமும் இருளும் அவருக்கும் ஒன்றுதான். அவர் அங்கே தேடியது வேறு.

மதகடியில் நிற்கும் உங்கள் மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "நீ மறுபக்கம் வராவிட்டால், உன்னைத் தேடி முதலில் இறங்கப் போவது யார்?" பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அண்ணனின் பெயரைச் சொல்வான், அல்லது அயல்வீட்டு மீனவரின் பெயரை.