கையேந்துவது கௌரவக் குறைவா?

உங்கள் மகனோ மகளோ கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாக, 'அம்மா, ஞாயித்துக்கிழமை நம்ம ஃப்ளாட்ஸ்ல வீடு வீடாப் போய்ப் பணம் வசூல் பண்ணப் போறேன். ஒரு பாட்டிக்குக் கண் ஆபரேஷன்' என்று சொன்னால், உங்கள் மனத்தில் முதலில் என்ன தோன்றும்?

'பெருமையாக இருக்கும்' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். நல்ல பக்தி. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு பூஜை நடக்கும் வீடு. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, அந்த வீட்டுப் பையன் நண்பர்களோடு சேர்ந்து போர்வை, பால் பவுடர், பணம் என்று தெருத்தெருவாகச் சேகரித்தான். அம்மா தடுக்கவில்லை. ஊரே அன்றைக்கு அதைத்தானே செய்துகொண்டிருந்தது! ஆனால் வெள்ளம் வடிந்து நாலைந்து மாதம் கழித்து, குடிசையைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்துப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவதற்காக அவன் மறுபடியும் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது, அவளுக்குப் பொறுக்கவில்லை.

'எவ்வளவு வேணும்னு சொல்லு, அப்பா தருவார். வாசல் வாசலாப் போய் நிக்காதே. நாலு பேர் என்ன நினைப்பா?' என்றாள்.

அப்பா பணம் கொடுத்தார். கட்டணமும் கட்டியாகிவிட்டது. பையன் ரசீதுப் புத்தகத்தைப் பரணில் போட்டான். அதன்பிறகு அவன் அதை எடுக்கவே இல்லை.

அந்தத் தாய் செய்ததில் என்ன தப்பு? பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே! இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஔவைப் பாட்டி ஆத்திசூடியில், இரந்து பிழைப்பதை இழிவு என்கிறாள். அதே ஆத்திசூடியில், இல்லாதவருக்கு இட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்கிறாள். சரி, இடுவதற்காகவே ஒருவன் இரந்தால்? அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

விடை, நம் வீட்டுச் சடங்குகளிலேயே இருக்கிறது. பூணூல் கல்யாணம் பார்த்திருப்பீர்கள். உபநயனமான சிறுவன் முதலில் என்ன செய்கிறான்? பிட்சை கேட்கிறான். அதுவும் பெற்ற தாயிடம்தான் முதலில்! பட்டுப்புடவை சரசரக்க நின்று அரிசி போடும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்குமே தவிர, 'என் பிள்ளை கையேந்துகிறானே' என்று அவமானமாக இருக்காது. குருகுலத்தில் பிட்சை வாங்கிவந்த மாணவன் அதை அப்படியே குருவின் முன் வைக்க வேண்டும். தனக்கென்று எடுத்துக்கொள்ளும் உரிமை அவனுக்குக் கிடையாது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் நாமமிட்ட செம்போடு, 'கோவிந்தா' என்று வாசலில் வந்து நிற்கும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள்கூட வருவார்கள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு புடவைத் தலைப்பை ஏந்தி மடிப்பிச்சை எடுக்கும் பெண்களும் அப்படித்தான். கடையில் கிலோ கணக்கில் அரிசி வாங்கிச் செலுத்த முடியாதவர்களா இவர்கள்? வாங்கிச் செலுத்தினால் வேண்டுதல் தீராது என்பதுதான் சங்கதி. கேட்கிறபோது கேட்பவனுடைய 'நான்' கொஞ்சம் கரைகிறது. போடுகிற பத்து வீட்டுக்கும் அந்தத் தளிகையில் பங்கு வந்துவிடுகிறது.

அப்பாவின் பணம் இந்த இரண்டு கதவையும் சாத்திவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மணிமேகலையின் கதையை எடுத்துக்கொள்ளுங்களேன். பௌத்தக் காப்பியம்தான், ஆனாலும் நம் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்ணின் கதை. அவள் கைக்கு வந்த அமுதசுரபி, முன்பு ஆபுத்திரனிடம் இருந்தது. அது கிடைப்பதற்கு முன்னால் அவனிடம் இருந்தது வெறும் பிச்சை ஓடு. மதுரையில் வீடு வீடாகப் போய் வாங்கிவந்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், நோயாளி என்று எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போடுவான். மிச்சம் மீதியைத் தான் சாப்பிட்டுவிட்டு, ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குவான். ஒரு மழை இரவில் பசி என்று சிலர் வந்து நிற்க, கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோதுதான் சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுத்தாள். எடுத்தவுடனே தெய்வம் அட்சய பாத்திரத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஓடேந்தி நடந்த கைக்குத்தான் கொடுத்தது.

பின்னால் மணிமேகலை அந்தப் பாத்திரத்தோடு வீதியில் இறங்கியபோது, ஊர் வாயடைத்துப் போனது. இளவரசன் மனத்தில் குடியிருப்பவள் பிச்சைப் பாத்திரம் ஏந்துவதா? 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்பது அன்றைக்கும் இருந்திருக்கிறது பாருங்கள்! அவள் முதல் பிச்சையை எங்கே வாங்கினாள்? அரண்மனையில் அல்ல. ஆதிரை என்ற குடும்பப் பெண்ணின் வீட்டில். ஊர் பசியெல்லாம் தீரட்டும் என்று சொல்லி ஆதிரை இட்டாள். அதன்பிறகு பாத்திரத்தில் எடுக்க எடுக்கக் குறையவில்லை.

அந்த முதல் பிடியை இடும் இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். பிள்ளை வசூலுக்குக் கிளம்பும்போது முழுத்தொகையையும் நீங்களே கொடுத்துவிடாதீர்கள். முதல் ரசீதை மட்டும் உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். மிச்சத்துக்கு அவன் நடக்கட்டும். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினால் சாத்தட்டும்.

காஞ்சி மகா பெரியவர் பிடியரிசித் திட்டம் சொன்னபோதும் பெரிய தொகை யாரிடமும் கேட்கவில்லை. தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி, கூடவே ஒரு சில்லறைக் காசு. அவ்வளவுதான். அதை வீடு வீடாகச் சேகரித்து, பேட்டைக் கோயிலில் சமைத்து, நைவேத்தியம் செய்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு பிடி எடுத்துவைக்க வீட்டில் நீங்கள் போதும். வாங்கிப்போக இளவட்டங்கள் வேண்டாமா? கன்னியாகுமரி விவேகானந்தர் பாறை நினைவாலயத்துக்காக ஏக்நாத் ரானடே தேசம் முழுக்க ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சாதாரண ஜனங்களிடம் திரட்டினார். 1970-ல் திறந்துவைக்கப்பட்ட அந்த மண்டபத்தைப் பார்த்து, 'இதில் எங்க தாத்தா ரூபாயும் இருக்கு' என்று சொல்லிக்கொள்ள முடிகிறதே, அது லேசான விஷயமா?

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கணக்கு. அடியார்களுக்கு அமுது படைக்க வழிப்பறி செய்தவர் திருமங்கை மன்னன். நோக்கம் உசத்திதான், ஆனால் பெருமாளே மணமகனாக வந்து மந்திரம் உபதேசித்து, அவரை அந்த வழியிலிருந்து திருப்ப வேண்டியிருந்தது. ஆகவே, இன்றைக்கு ஜி.பே.யில் வந்தாலும் சரி, உண்டியலில் விழுந்தாலும் சரி, ஒரு நோட்டில் எழுதி, கொடுத்தவர்களிடம் காட்டட்டும். உதவி வாங்குபவரைப் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

சென்ற மாதம் அந்த அம்மாவைக் கோயிலில் பார்த்தேன். பையன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். 'அன்னதானத்துக்குன்னு சொன்னா, அடுத்த நிமிஷம் பணம் அனுப்பிடறான். கூட வந்து ரெண்டு இலை போடுடான்னாதான் வரமாட்டேங்கறான்' என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் கொடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளே சொன்னாள். கீழ்வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண், பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்துக்கு வசூல் செய்யக் கிளம்பியிருக்கிறாளாம். 'ஆன்ட்டி, அண்ணா முன்னாடி ஒரு ரசீதுப் புத்தகம் வச்சிருந்தாரே, அந்த மாதிரி எங்கே அச்சடிப்பாங்க?' என்று கேட்டிருக்கிறாள்.

'பழசு எப்படி இருந்ததுன்னு காட்டலாமேன்னு பரண்ல தேடிண்டிருக்கேன். இன்னும் கிடைக்கலை' என்றாள்.