குதிகாலால் அடித்த கோல்

1974 ஏப்ரல் 27. ஓல்ட் டிராஃபோர்ட் திடலில் மான்செஸ்டர் யுனைடெட்டும் மான்செஸ்டர் சிட்டியும் மோதின. முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கும் நிலையில் இருந்தது யுனைடெட். ஆட்டம் முடியப் பத்து நிமிடங்களுக்கும் குறைவு, இரு பக்கமும் கோல் இல்லை. ஃபிரான்சிஸ் லீ உள்ளே தள்ளிய பந்து, கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்ற சிட்டி ஆட்டக்காரர் ஒருவரிடம் வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிகாலால் தட்டினார். பந்து வலைக்குள் போனது.

அடித்தவர் டெனிஸ் லா. அதே திடலில் யுனைடெட்டுக்காக 11 ஆண்டுகள் ஆடியவர். 404 ஆட்டங்களில் 237 கோல்கள். ரசிகர்கள் அவரை ராஜா என்றே அழைத்தார்கள். 1973இல் யுனைடெட் அவரை விடுவித்தது. அதே ஊரில் இருந்த சிட்டி சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே இந்தக் கோல்.

சக ஆட்டக்காரர்கள் ஓடி வந்து கட்டிப்பிடித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தலை குனிந்திருந்தது, கைகள் உயிரில்லாததுபோல் தொங்கின. உடனே அவரை வெளியே எடுத்தார்கள். ரசிகர்கள் திடலுக்குள் புகுந்தார்கள். மேட் பஸ்பி ஒலிபெருக்கியில் கெஞ்சியும் பயனில்லை. ஆட்டம் பாதியில் நின்றது, 1–0 என்ற முடிவு மட்டும் நிலைத்தது. யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

இந்தக் கதை நம்ம ஊர் மாமாக் கடைகளிலும் பிரபலம்தான். "யுனைடெட்டைக் கவுத்ததே யுனைடெட்காரன்தான்" என்று யாராவது சொல்லி முடிப்பார்கள். ஆனால் உண்மை வேறு. அதே நாளில் பர்மிங்ஹாம் சிட்டி நோரிச்சை வென்றுவிட்டது. எனவே லா அந்தக் கோலை அடிக்காவிட்டாலும், ஏன், யுனைடெட் ஜெயித்திருந்தாலும்கூட, அது இறங்கித்தான் இருக்கும். அந்தக் குதிகால் எதையும் மாற்றவில்லை.

அப்படியானால் அந்த மனிதர் எதற்கு வருந்த வேண்டும்? அடிக்காமல் இருந்திருக்கலாமோ என்று கிட்டத்தட்ட நினைக்க வைத்த கோல் அது என்று பின்னாளில் சொன்னார். வாழ்நாள் முழுக்க கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இதைச் சொல்கிறார். இது வெறும் சென்டிமென்டா? அல்லது அறம் சார்ந்த ஏதோ ஒன்றை அவர் உடம்பு நம்மைவிட முன்னால் புரிந்துகொண்டதா?

முதல் பதில் சுலபமானது. 'ப்ரொஃபெஷனல். சம்பளம் வாங்குறான், அடிக்கிறான். இதுல என்ன இருக்கு?' தவறு நடக்கவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மாற்று வழிகளை எண்ணிப் பாருங்கள். பழைய பாசத்தில் அவர் வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டிருந்தால் பத்துச் சக ஆட்டக்காரர்களை ஏமாற்றியிருப்பார். யுனைடெட்டுக்கும் அது மரியாதை இல்லை. யாரோ விட்டுக்கொடுத்துப் பிழைத்த அணி என்ற பெயர்தான் மிஞ்சும். முழு மனதோடு ஆடுவது மட்டுமே இரண்டு பக்கத்துக்கும் நேர்மையாக இருக்கும் வழி. அதைத்தான் அவர் செய்தார்.

ஆனால் தவறு இல்லை என்பதிலிருந்து வருத்தம் தேவையில்லை என்ற முடிவுக்கு எப்படிப் போகிறோம்? இந்தத் தாவலைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ், 1976இல் அறமும் அதிர்ஷ்டமும் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் அவர் லாரியில் அடிபட்டு ஒரு குழந்தை இறந்துவிடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களும் வருந்துவார்கள். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு வகை. 'என் கையால்' என்ற சொல் அதில் இருக்கிறது. நாம் அவரைத் தேற்றத்தான் வேண்டும். ஆனால் 'என் தப்பு இல்லையே' என்று அவர் அடுத்த நிமிடமே இயல்பாகிவிட்டால் நமக்கே என்னவோ போலிருக்கும்.

லாவின் நிலை இதைவிடச் சிக்கல். ஓட்டுநர் மோத நினைக்கவில்லை. லா கோல் அடிக்க நினைத்துத்தான் அடித்தார். மீனவரின் ஏழு பிள்ளைகளில் கடைசியாக அபர்டீனில் பிறந்து, மாறுகண்ணோடு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பந்தாடிப் பழகி, 16 வயதில் ஹடர்ஸ்ஃபீல்ட் அணிக்காக இறங்கிய உடம்பு அது. பந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியும். செயல் முழுக்க அவருடையது, விளைவு மட்டும் அவர் விரும்பாதது. நம்மில் பலருடைய வேலை இப்படித்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு தொழிற்சாலையில் மேலாளர். ஆள்குறைப்புப் பட்டியலில் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனின் பெயரும் இருந்தது. கடிதத்தை நீட்டியவர் இவர்தான். இவர் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு யாராவது போட்டிருப்பார்கள். "வேலைனா வேலைதான்" என்றார் என்னிடம். அவர் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை மிக வேகமாகச் சொன்னார். அந்த வேகம்தான் என்னை உறுத்துகிறது. தொழில் தர்மம் என்பது நன்றாக வேலை செய்வதற்கான ஒழுங்கு. அதை நாம் எதையும் உணராமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாக மாற்றிக்கொண்டுவிட்டோம்.

இப்போதெல்லாம் பழைய அணிக்கு எதிராகக் கோல் அடித்தால் இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்பது ஒரு சடங்கு. தப்பில்லை, மரியாதைதான். ஆனால் லா எதையும் காட்டவில்லை. அவரால் கொண்டாட முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1961 ஜனவரியில், முன்பு சிட்டிக்காக ஆடிய காலத்தில், எஃப்.ஏ. கோப்பை ஆட்டம் ஒன்றில் லூட்டன் அணிக்கு எதிராக லா ஆறு கோல்கள் அடித்தார். 69ஆவது நிமிடத்தில் திடலில் தண்ணீர் தேங்கி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆறும் கணக்கில் இல்லை. மறு ஆட்டத்தில் அவர் மீண்டும் ஒரு கோல் அடித்தும் சிட்டி 3–1 என்று தோற்றது. மழை ஆறு கோல்களை அழித்தது. எதையும் மாற்றாத ஒரு கோலோ அழியவே இல்லை. நாம் செய்தவற்றில் எது 'நம் செயல்' என்று நிற்கும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. வந்து நிற்பதை எப்படிச் சுமக்கிறோம் என்பது மட்டுமே நம் பங்கு.

அடுத்த ஆண்டே யுனைடெட் முதல் டிவிஷனுக்குத் திரும்பிவிட்டது. 1974 கோடையில் உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு லா ஓய்வு பெற்றார். 2025 ஜனவரியில் இறந்தார். 1964இல் பலோன் டோர் வாங்கியவர். அதை வாங்கிய ஒரே ஸ்காட்லாந்துக்காரர். இருந்தாலும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தொங்கிய அந்தக் கைகள்தான். எனக்கும் அப்படித்தான். ஆனால் அதை நான் தோல்வியின் படமாகப் பார்க்கவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்த ஒருவர், அதன் எடையையும் இறக்கி வைக்காமல் நடந்து போகிறார்.