கேள்வி கேட்க யார் அனுமதி வேண்டும்?

வயலில் நிற்கும் பயிரின் மரபணு, வரப்போரக் காட்டுச் செடிக்குப் போகுமா? போகும். உலகின் முக்கியமான 13 உணவுப் பயிர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த நார்மன் எல்ஸ்ட்ராண்டும் அவருடைய கூட்டாளிகளும், 12 பயிர்கள் எங்காவது ஓரிடத்தில் தம் காட்டு உறவுகளோடு கலக்கின்றன என்று 1999-இல் எழுதினார்கள். கலந்த பிறகு என்ன ஆகிறது? அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை யாருக்கு? நாம் சண்டை போட வேண்டியது இங்கேதான்.

மரபணு மாற்றிய பயிர் என்றாலே, “படைப்பில் கை வைக்காதே” என்கிறது ஒரு கூட்டம். கை வைக்காமலா நெல் வந்தது? முற்றியதும் உதிர்ந்துபோகும் புல்லை, உதிராத கதிராக்கியது மனிதக் கைதானே? “விஞ்ஞானம் பார்த்துக்கொள்ளும்” என்கிறது இன்னொரு கூட்டம். எந்த விஞ்ஞானி? அவர் கையில் விதையைக் கொடுத்தீர்களா? சோதிக்க விடாமல் நம்பச் சொன்னால், அது கோயிலில் சொன்னாலென்ன, ஆய்வுக்கூடத்தில் சொன்னாலென்ன?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆலிசன் ஸ்னோ குழு, புழுவைக் கொல்லும் பி.டி. மரபணு காட்டுச் சூரியகாந்தியில் ஏறினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தது. பூவைக் குடைந்து விதையைத் தின்னும் புழுக்களின் சேதம் குறைந்தது. நெப்ராஸ்காவில் அந்தச் செடிகள் மற்றவற்றைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாக விதை பிடித்தன. கொலராடோவில் அவ்வளவு வேறுபாடு இல்லை. அங்குள்ள விவசாயிக்குக் காட்டுச் சூரியகாந்தி ஒரு களை. கூடுதல் விதை என்றால் கூடுதல் களையா? அடுத்து அதைத்தானே ஆராய வேண்டும்? 2002-இல் உரிமை வைத்திருந்த நிறுவனங்கள் அந்த விதையையும் மரபணுவையும் தர மறுத்தன.

அந்த பி.டி. சூரியகாந்தி ரகம் சந்தைக்கே வரவில்லையே என்கிறீர்களா? சரி. அடுத்த ரகம் வரும்போது எந்த ஆதாரத்தை வைத்து “ஆபத்து இல்லை” என்பீர்கள்?

2009-இல் மக்காச்சோளப் பூச்சியியல் அறிஞர்கள் 26 பேர், விதை ஒப்பந்தங்கள் சுதந்திரமான ஆய்வைத் தடுக்கின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு எழுதினார்கள். பெயரை வெளியிடவில்லை. விதை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். பேர்பெற்ற அறிஞர்களே பயந்தால் முனைவர் பட்ட மாணவர் என்ன செய்வார்? அவருடைய பல ஆண்டு உழைப்பு ஒரு பொட்டலம் விதையை நம்பி இருக்கிறது. மறுத்தால் தலைப்பை மாற்றிக்கொள்வார். கேள்வி அங்கேயே செத்துப்போகும்.

காட்டுச் செடிதானே என்று அலட்சியம் வேண்டாம். 1970-களில் புகையான் பரப்பிய குட்டை நோய் ஆசிய நெல் வயல்களை அழித்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. நோயைத் தாங்கியது உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றுதான். கோடிக்கணக்கானோரின் சோற்றைக் காத்த அந்தப் புல் எந்த நிறுவனத்தின் சொத்து? அதன் இனத்தில் இன்று எது கலக்கிறது என்று பார்க்க நாம் யாரிடம் கைகட்டி நிற்க வேண்டும்?

மரபணு மாற்றிய விதையைத் திறந்தவெளியில் விடுகிறவர், அதைச் சோதிக்க விரும்பும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தர வேண்டும். முடிவு சாதகமோ பாதகமோ, வெளிவர வேண்டும். தயவாக அல்ல, சட்டமாக.

நீங்கள் அந்த விதையை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். இரண்டுக்கும் முன்னால் சோதனை முடிவைக் கேட்டீர்களா? கேட்காமல் தலையாட்டினால், நாளை குனிந்து களை பறிக்கப்போகிறவரின் முதுகுவலிக்கு நீங்களும் பொறுப்பு.