இரக்கம் முகம் பார்க்கலாமா?

மனித உள்ளத்தில் ஊறும் பண்புகளுள் இரக்கம் தலையாயது. ஆனால் அது எல்லா உயிர்கள்மீதும் ஒரே அளவாகச் சுரப்பதில்லை. வண்டியில் அடிபட்ட ஆட்டுக்குட்டியைக் கண்டால் மனம் பதைக்கிறது. காலடியில் நசுங்கிய எறும்பை நாம் திரும்பியும் பார்ப்பதில்லை. இந்த வேறுபாடு எதனால் வந்தது?

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள தாமல், பெரிய ஏரியை உடைய ஊர். அந்த ஏரிக்கரையில் நிற்கும் கொக்கின்மீது ஒருவன் கல்லெறிந்தால் நாம் கண்டிக்கத் தயங்க மாட்டோம். அங்கிருந்து கிழக்கே சென்றால் காஞ்சியின் பட்டுக் கடைகள். மணப்பெண்ணுக்குப் பட்டு எடுக்க நம் குடும்பங்களும் அங்கே செல்வதுண்டு. ஒரு கிலோ பட்டு நூலுக்கு 3000க்குக் குறையாத கூடுகள் வேண்டும். உள்ளிருக்கும் கூட்டுப்புழு பூச்சியாகி வெளிவந்தால் இழை அறுபடும். ஆகவே அதற்கு முன்பே அதனை வெப்பத்தில் கொன்றுவிடுகின்றனர். கொக்குக்காகப் பேசிய நா இங்கே ஏன் ஊமையாகிறது?

காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது, தோற்றம். கண்ணோடு கண் நோக்கும் உயிரிடத்தும், வலித்தால் கதறும் உயிரிடத்தும் நம் சாயலைக் காண்கிறோம். புழுவின் துன்பம் நம் செவிக்கு எட்டுவதில்லை. இரண்டாவது, தொலைவு. காஞ்சித் தறிகளில் ஏறும் நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. நெய்பவரும் உடுத்துபவரும் அந்தப் புழுவைக் காண்பதேயில்லை. மூன்றாவது, பயன். வேடந்தாங்கல் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். அவை அஞ்சுமென்று தீபாவளி வெடியையும் தவிர்க்கின்றனர். போற்றத்தக்க செயல்தான். எனினும், பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயல்களுக்கு உரமாவதையும் மறத்தற்கில்லை. அங்கே உயிரைக் காப்பதில் பயன்; பட்டிலோ உயிரைப் போக்குவதில் பயன்.

காஞ்சியிலேயே இதனை எடுத்துரைத்தவர் உண்டு. சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் (1894-1994), உயிர்க்கொலையால் கிடைப்பது என்பதால் பட்டைத் தவிர்க்குமாறு அறிவுரை கூறினார்.

நம் நபிமொழிகளும் சிந்திக்கத் தூண்டுகின்றன. எறும்பு ஒன்று கடித்ததற்காகப் புற்றையே எரிக்கச் செய்த இறைத்தூதர் ஒருவரை இறைவன் கண்டித்ததையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும் நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்துள்ளார்கள். எறும்பும் நாயும் மனிதர் கொஞ்சி வளர்த்ததால் மதிப்புப் பெறவில்லை. உயிர்கள் என்பதாலேயே பெற்றன.

அப்படியானால் தறிகள் ஓய வேண்டுமா? அவற்றை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்தம் பசியும் உயிரின் பசியன்றோ? உண்பதற்காகப் பிராணியை அறுக்க அனுமதித்த மார்க்கம், கத்தியை நன்கு தீட்டிக்கொள்ளவும், வேதனையைக் குறைக்கவும் பணித்தது. அந்தக் கடமை ஆட்டின்மேல் நமக்கு அன்பு தோன்றுகிறதா என்பதைப் பொறுத்ததன்று. இரக்கம் தானே வருவது. நீதி நாம் முயன்று செய்வது. இரக்கம் எட்டாத இடத்தில்தான் நீதிக்கு வேலை இருக்கிறது.

மணநாளுக்கு ஒரு பட்டு எடுப்பதும், பிறர் பார்க்க வேண்டுமென்று பத்துப் பட்டுகளை அடுக்கி வைப்பதும் ஒன்றல்ல. முகமற்ற உயிருக்கு நாம் செய்யக்கூடிய முதல் நீதி, அதன் விலையை அறிந்து வாங்குவது. வீண் பெருமைக்காக வாங்காதிருப்பது.