ஊர்ப்பணியும் வந்தியின் பங்கும்

ஒருவர் ஈந்த பொருளைக்கொண்டு ஊரவர் தமக்கு நன்மை செய்துகொள்ளுமிடத்து, அச்செயல் அறமாவது எப்பொழுது, வெறுஞ் செலவாவது எப்பொழுது என்னும் வினா பழையதே. ஆயினும், போர் ஓய்ந்தபின் மீளக் குடியேறிய வன்னி ஊர்களில் அது அடிக்கடி எழும் வினாவாயிற்று. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரால் ஒரு நன்கொடை வருகின்றது. அதனால் ஓர் உள்வீதி திருத்தப்படும். அல்லது ஒரு முன்பள்ளிக் கட்டடம் எழும். அல்லது மாரிநீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டப்படும். ஈவோர் அரசாங்கத்தாராயினும் பிறநாட்டு நிறுவனத்தாராயினும் பெரும்பாலும் ஒரு நிபந்தனை விதிப்பர். செலவில் ஒரு கூற்றை ஊரவர் தம் உழைப்பாலேனும் பணத்தாலேனும் ஈடுசெய்தல் வேண்டும் என்பதே அது. இதனை 'மக்கள் பங்களிப்பு' என வழங்குவர். இப்பங்களிப்பை யாவரிடத்தும் ஒரே அளவாகக் கேட்டல் நீதியோ என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். சைவாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், ஊர்ச்சங்கங்களின் செயலாளர் பதவியும் பொருளாளர் பதவியும் பெரும்பாலும் ஆசிரியர் தலையிலேயே வந்து பொறுத்தலின் என்க.

உருத்திரபுரம் இரணைமடுக் குளத்து நீரால் வாழும் ஊர். 1902 ஆம் ஆண்டில் வேலை தொடங்கப்பெற்ற அக்குளத்தின் கீழ்க் காடு வெட்டிக் கழனியாக்கிக் குடியேறியோரின் மக்களும் பேரரும் இங்கு வாழ்கின்றனர். சதுர ஆவுடையாரையுடைய பழைய சிவாலயம் ஒன்று இவ்வூர்க்குப் பெயரும் பெருமையும் தந்து நிற்கின்றது. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இப்பகுதி மக்கள் யாவரும் இடம்பெயர்ந்து, வவுனியா முகாம்களிலிருந்து 2010 ஐ ஒட்டிய காலத்தில் மீண்டனர். கணவனையேனும் மகனையேனும் உடன்கொண்டு மீளாத பெண்கள் அவருட் பலர்.

சில ஆண்டுகளின் முன் இப்பகுதியில் ஓர் ஊரவர்க்கு வடிகால் வெட்ட நன்கொடை கிடைத்தது. சங்கக் கூட்டத்தில், வீடொன்றுக்கு இரண்டு நாள் வேலை, வேலைக்கு வாராதார் இரண்டு நாட்கூலி கட்டுக எனத் தீர்மானித்தனர். மறுத்துரைத்தார் ஒருவருமிலர்; யாமும் கை உயர்த்தினோம். கூட்டம் கலையுந் தறுவாயில் பின்வரிசையிலிருந்த ஓர் அம்மையார் எழுந்தார். "மாஸ்ரர், எங்கட வீட்டில நானும் பாயில கிடக்கிற அம்மாவும் ஒரு பிள்ளையுந்தான். நான் வேலைக்கு வாற இரண்டு நாளும் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டில ஆம்பிளையள் நாலு பேர், உழவு மிசினும் நிக்குது. அவைக்கும் இரண்டு நாள்தானே?" என்றார். யாவர்க்கும் ஒரே அளவு என்பதே நீதி என ஒருவர் விடையிறுத்தார். அவ்விடை அன்று எமக்கும் செவ்விதாகவே தோன்றிற்று. பின்னர் ஒரு வாரமாக அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

பிறர் பொருளை ஏற்பதே இழிவு, ஆதலின் இவ்வாராய்ச்சி வேண்டா என்பாரும் உளர். அவர் கூற்றில் ஒரு சிறிது உண்மை உண்டு. உதவி நன்கொடை பெற்று நடந்த நம் சைவப் பாடசாலைகள் 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கத்தின் கையிற் சென்றதை மூத்த ஆசிரியர் மறந்திலர். கொடுத்தவன் உரிமையுங் கேட்பான் என்பது அதனாற் கற்ற பாடம். ஆயினும் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் பிறர் ஈந்த பொருளின்றி நிலைத்தனவல்ல. ஏற்பது குற்றமன்று, ஏற்றபின் செய்வதிலேதான் குணமும் குற்றமும் உள.

இனிப் பங்களிப்பு வேண்டும் என்பதற்கு நம் புராணத்துள் ஒரு சிறந்த சான்று உண்டு. திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்றபோது, அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டுத் திருஞானசம்பந்த சுவாமிகளும் திருநாவுக்கரசு சுவாமிகளும் நாடோறும் இறைவனிடத்துப் படிக்காசு பெற்றனர். நாவுக்கரசர் பெற்ற காசு கடைவீதியிற் குறைவின்றிச் சென்றது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கேட்டனர். வாசியாவது, காசின் குறைநோக்கி அதனை மாற்றுவோன் கழித்துக்கொள்ளுந் தொகை. அதனால் சம்பந்தர் திருமடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. காரணத்தை வினவியறிந்த சம்பந்தர், நாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தலின் அவர் காசுக்கு வாசியில்லையாயிற்று எனத் தெளிந்து, பதிகம் பாடி வாசியற்ற காசு பெற்றார் எனச் சேக்கிழார் சுவாமிகள் அருளிச்செய்தனர். கொடுத்தவன் ஒருவனே, காசும் ஒன்றே, பெற்றவர் கையே வேறு.

இக்காலத்து நன்கொடைக்கும் வாசியுண்டு. ஏட்டில் நூறாக நின்ற சீமெந்து மூடை களத்தில் எழுபதாவது வாசியன்றோ? ஊரவர் தாமே மண் வெட்டிக் கல் சுமந்து கட்டிய மதகில் எத்தனை மூடை இறங்கிற்றென்பதை அவ்வூர்ச் சிறுவனும் அறிவான். குத்தகைகாரர் கையில் முழுதும் விட்டுவிட்டுத் திறப்புவிழாவுக்கு மாத்திரஞ் சென்றவர் அதனை அறியார். ஆதலின் கைத்தொண்டு ஒரு கணக்காய்வுமாம். (உத்தரமேரூர்ச் சாசனங்களில், 919, 921 ஆம் ஆண்டுகளில், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரும் அவர் உறவினரும் பின்னர் வாரியத்துக்குத் தகார் என விதித்திருத்தலை ஆசிரியர் அறிவர். அவ்விதி இன்று நடைமுறைக்கு வருமாயின் எத்தனை சங்கங்களுக்குத் தலைவர் கிடைப்பர் என்பது வேறு கதை.)

நிற்க. கைத்தொண்டு உயர்ந்ததென்பதனால், அதனை யாவரிடத்தும் ஒரே அளவாக வாங்கலாம் என்பது பெறப்படுமோ? பெறப்படாது. என்னை? நாவுக்கரசர் உழவாரத்தைத் தாமே உவந்து ஏந்தினார். அவர்க்கு அதனைப் பங்காக அளந்து விதித்தார் ஒருவருமிலர். அளந்து விதித்த கதை மதுரையில் நிகழ்ந்தது.

வைகை பெருகிக் கரையை உடைத்தபோது பாண்டியன் நகரத்தார் ஒவ்வொருவர்க்கும் கரையில் ஒரு பங்கு அளந்து விட்டான். பிட்டு விற்றுண்ணும் வந்தி என்னும் முதியாளுக்கும் ஒரு பங்கு வந்தது. மகவுமில்லை, சுற்றமுமில்லை, மண் சுமக்கும் வலியுமில்லை. பிட்டைக் கூலியாகப் பெற்று இறைவன் கூடையும் மண்வெட்டியுங் கொண்டு ஆளாய் வந்தான், உண்டான், ஆடினான், உறங்கினான், பங்கு அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி எவ்வுயிர்க்கும் பட்டது, அவனுக்கும் பட்டது. இக்கதையை யாம் வகுப்பிற் பன்முறை கற்பித்துள்ளோம். அடித்தவன் யார், அடிபட்டவர் யாவர், வந்தி விற்ற பொருள் யாது எனப் பரீட்சையில் வினவுகின்றோம். வந்திக்கு ஏன் ஒரு பங்கு அளக்கப்பட்டது என வினவிய ஆசிரியர் எத்தனை பேர்? யாம் வினவியதில்லை.

பாண்டியன் கொடியவனாகக் கூறப்பட்டிலன். அவன் யாவரையும் ஒப்பநோக்கியதாகவே எண்ணினான். எண்ணியதிற் பிழை யாதெனின், கரையை அளந்தானன்றி ஆளை அளந்திலன். பத்து ஏவலாளரையுடைய செல்வனுக்கும் ஒருத்தியாய் நின்ற கிழவிக்கும் ஒரு பங்கெனின், நீளத்தால் ஒப்பன்றிச் சுமையால் ஒப்பன்று. அச்சமத்துவத்தின் குறையை நிரப்பவே இறைவன் கூலியாளாய் வரவேண்டியதாயிற்று.

ஏற்கும் தொகை ஒன்றாயிருப்பினும் இவ்வேற்றுமை எழுகின்றது. 2012 முதல் இந்திய அரசாங்கத்தின் உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பெற்றது; கட்டுவிப்போர் வீட்டுக்குரியவரே. எத்துணையோ குடும்பங்களுக்கு நிழல் தந்த நல்லுதவி அது. ஆயினும் மண் அரிந்து கல் சுமக்க ஆண்மக்கள் உள்ள வீட்டில் அத்தொகை ஓடு வேயும் வரை நின்றது. தனித்தவள் வீட்டில் மேசனுக்கும் கையாளுக்கும் ஏற்றுகூலிக்குமாகச் சுவர் மட்டத்திலேயே இளைத்தது.

அற்றேல், வந்திபோல்வாரை முற்றும் விலக்கிவிடுவோம் என்பர் சிலர். இரக்கத்தாற் கூறினும் இதுவும் முழுநீதியன்று. வந்தி விலக்குக் கேட்டிலள்; தன்னிடத்திருந்த பிட்டைக் கொடுத்தாள்; அதனை வாங்கியுண்ணுதற்கு இறைவன் நாணினானல்லன். பங்கில்லையென விலக்கப்பட்டவள் மறுநாள் கூட்டத்தில் வாய்திறந்தால், 'உமக்கென்ன வந்தது?' என்பார் உளராவர். பயனாளி என்னும் பெயரோடு பட்டியலில் நிற்பாளன்றி ஊராளாய் நில்லாள். ஆதலின் வேண்டுவது விலக்கன்று, அளவு.

அளவு காண்பது யார், வழக்கு மிகுமே, வீட்டுக்கு வீடு ஒன்றெனின் சண்டையில்லையே என்பது பின்னும் ஒரு தடை. சண்டையில்லை என்பது மெய். வாய்பேச வலியற்றாரே பொறையைச் சுமத்தலின் சண்டையில்லை. அளவு காணுதல் வன்னியார்க்குப் புதிதுமன்று. குளத்துக்கீழ் வயலுடையார் தத்தம் பங்கு நிலத்தின் அளவுக்கேற்பக் கட்டிலும் வாய்க்காலிலும் மண்வேலை செய்வது பண்டை வழக்கம். 'பங்கு' என்னும் அச்சொல்லையே சிங்கள ஊர்களிலும் அவ்வழக்கத்துக்குக் கொண்டிருந்தனர். 1832 இல் ஆங்கில அரசாங்கத்தார் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தனர். ஒழித்தது நன்று, ஆயின், அதனோடு ஊரவர் தம் குளத்துக்குச் செய்யுங் கடமையை வற்புறுத்தும் அதிகாரமும் தளர்ந்து, குளங்கள் பல பழுதுற்றன. பின்னர் 1856 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் அப்பழைய வழக்கங்களுக்கு மீண்டும் வலிமை கொடுத்தனர். கட்டாயமென்று ஒழித்ததற்கும் கடமையென்று மீட்டதற்கும் இடையிலுள்ள வேற்றுமை, பயன் பெறுமளவுக்குச் சுமை என்னும் அவ்வொரு விதியே.

சைவப் பாடசாலைகளைத் தாங்கிய பிடியரிசியையும் நோக்குக. அரிசி களைந்து உலையிலிடுமுன் ஒரு பிடியைப் புறம்பே வைத்தல் அம்முறை. உலையேறிய வீடு கொடுத்தது. உலையேறாத நாளில் எவரும் கேட்டிலர். யாரும் வீட்டினுட் புகுந்து வறுமையை விசாரித்திலர், அடுப்பே அளவுகோலாயிற்று. இதனினும் நுட்பமான வரியை யாம் கண்டதில்லை.

நன்கொடை அளிப்போர் இதற்குத் தடையாவாரோ எனின், பெரும்பாலும் ஆகார். அவர் விண்ணப்பத்தாளிற் கேட்பது ஊரின் பங்களிப்பு மொத்தம் எவ்வளவு என்பது. அம்மொத்தத்தை யார் யார் எவ்வளவு சுமந்தார் என்பதற்கு அத்தாளில் இடமில்லை. அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர் சங்கத்தாரே. ஆதலின் இக்குற்றத்தைக் கொழும்பின்மேலும் கடல்கடந்த நாட்டார்மேலும் ஏற்றித் தப்புதல் நமக்குக் கூடாது.

அவ்வடிகால் வேலைக்கு வருவோம். ஒரு வாரத்தின்பின் கூட்டத்தை மீண்டும் கூட்டினோம். வழக்கு மிகுந்தது, இருவர் எழுந்து போயினர். இறுதியில், வயலுடையார் ஏக்கர்க் கணக்கின்படி வேலைநாள் கொடுப்பது, உழவு இயந்திரமுடையார் கிரவல் ஏற்றித் தருவது, மாதச் சம்பளம் பெறுவார் மூன்று நாள் வருவது எனத் தீர்ந்தது. அவ்வம்மையாரிடம் வேலைநாட் பதிவேட்டை எழுதும் பொறுப்பை ஒப்பித்தனர். அதனைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே எழுதினார். கிழமைதோறும் கூட்டத்தில் உரத்து வாசித்தார். வடிகால் அம்மாரிக்கு முன் முடிந்தது. பதிவேடு இன்றும் சங்கத்து அலுமாரியில் உள்ளது. பெயர்களுக்கு நேரே வேலைநாட்கள் கோடு கோடாகக் குறிக்கப்பட்டுள்ளன. அம்மூன்று நாளும் பாடசாலைக் கடமை என்று போக்குக் கூறிக் கூலியைக் கட்டிவிட்ட எம் பெயருக்கு நேரே, அவர் கையெழுத்தில், 'காசு' என்று மாத்திரம் எழுதியிருக்கின்றது.