யார் விளைத்த சோறு?

சாப்பாட்டுக் கடையில் இலைமுன் உட்காருகிறவன் எவ்வளவு தூரம் கேள்வி கேட்கக் கடமைப்பட்டவன்? பணம் கொடுத்தோம், உண்டோம், எழுந்தோம் என்பதோடு அவன் பொறுப்பு முடிகின்றதா? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் நண்பகலில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூடும் கூட்டத்தைக் காணுந்தோறும் இவ்வினா நம்முள் எழுகின்றது.

உணவைப்பற்றி நம் முன்னோரும் கேட்கத்தான் கேட்டார்கள். ஆயின் அவர்கள் கேட்டது, சமைத்தவன் என்ன சாதி என்பதே. ‘பிராமணாள்’ என்ற சொல்லைக் கடைப் பலகையிலிருந்து நீக்க 1957-இல் பெரியார் சென்னையில் கிளர்ச்சி நடத்த நேர்ந்தது. இன்றோ படித்தவர்கள் வேறொன்று கேட்கின்றனர்: இது எங்கே விளைந்தது? அருகில் விளைந்ததை உண்பதே அறம் என்பது அவர்கள் கட்சி.

இக்கட்சியில் நியாயம் உண்டு. மலாயாத் தோட்டங்கள் ரப்பரை விளைத்தன. பால்மரம் வெட்டியவன் உண்டதோ பெரும்பாலும் பர்மாவிலும் சயாமிலும் விளைந்த அரிசி. 1942-இல் ஜப்பானியர் ஆட்சி வந்து அவ்வரத்துச் சுருங்கவே, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. ஊட்டமின்றி நோயுற்று மடிந்தவர் பலர். அது பழங்கதை என்பார்க்கு அண்மைக்கதை ஒன்று: 2023 ஜூலையில் இந்திய அரசு பாசுமதியல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. செப்டம்பர் முதல் நாள் இங்கே இறக்குமதி அரிசி டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. கிலோ 2 வெள்ளி 60 காசு என விலை கட்டப்பட்ட உள்நாட்டரிசியைக் கடைகளில் காண்பதே அரிதாயிற்று. நெல் விளையும் செகிஞ்சான் இதே சிலாங்கூரில்தான் இருக்கின்றது!

ஆயினும் அருகாமையை ஒரு புது மடியாசாரமாக்க நாம் இசையோம். பருப்பும் வெங்காயமும் பெரும்பாலும் கப்பலேறி வருபவை. அவற்றை விலக்கினால் சாம்பாரே இல்லை. அதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. கேமரன் மலைக் கீரையும் கோசும் உள்நாட்டு விளைவே. அங்குக் குனிந்து பறிக்கும் கைகளுட் பல வங்கதேசத்தினின்றும் நேப்பாளத்தினின்றும் வந்தவை. நம் கடைகளில் இலை எடுப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் பலர் அவ்வாறே வந்தவர். ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன்பட்டே வந்தவர் அவருள் எத்தனையோ பேர். கங்காணி முன்பணத்தில் கப்பலேறிய பாட்டனின் பேரர்கள் நாம். இதை நமக்கு ஒருவர் விளக்க வேண்டுமா? கிள்ளான் தோட்டத் தொழிலாளர் 1941-இல் வேலைநிறுத்தம் செய்தபோது கூலியுயர்வோடு கள்ளுக்கடை மூடலையும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்காதிருக்கும் உரிமையையும் கேட்டார்கள். வயிற்றோடு மானத்தையும் சேர்த்தெண்ணிய அவர்கள் வழி வந்தோர், ‘நம்மூர்க் கீரை’ என்று மகிழ்ந்து, பறித்தவன் கூலியைக் கேளாதிருப்பது எங்ஙனம் பொருந்தும்? எங்கே விளைந்தது என்பதற்கு முன்னால், யார் விளைத்தார், அவர்க்கு என்ன கொடுத்தீர் என்பது வரவேண்டும். தூரத்து உணவும் இக்கேள்விக்கு விடை சொல்லியே தீரவேண்டும்.

உண்மையான அருகாமை உணவை நாம் ஒருகாலத்தில் வைத்திருந்தோம். லயத்து வீட்டுக்குப் பின்னே முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. கீரைப் பாத்தி இருந்தது. கோழியும் ஆடும் மேய்ந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகத் துண்டாடப்பட, மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போயினர். கறிவேப்பிலைக்கும் காசு கொடுக்கின்றனர். இவர்களிடம் சென்று ‘பொறுப்போடு உண்க’ என்று உபதேசிப்பது அழகன்று. வெளியில் உண்ண வசதி படைத்தோர்க்கே நாம் சொல்வது.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கி, ஆட்களுக்குச் செம்மையாகக் கூலியும் கொடுத்தால், சாப்பாட்டு விலை ஏறுமே என்பார் கடைக்காரர். ஏறத்தான் செய்யும். ஆனால் கேட்கக் கேட்கச் சோறு போடும் கடையில் நண்பகலில் ஒரு மணி நேரம் நின்று, மடிக்கும் இலைக்குள் எவ்வளவு போகின்றது என்று பார்த்தால், அந்தக் கூடுதல் காசு எங்கே கிடக்கின்றதென்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.