துணை வந்த உயிருக்குத் துணை

வீட்டைக் காத்த நாய் முதுமையடைந்து, மூட்டுகள் தேய்ந்து, எழுந்து நிற்கவும் இயலாத நிலைக்கு வந்துவிட்டால், நாம் அதற்குச் செய்ய வேண்டியது யாது? இது சிறிய கேள்வி என்று சிலர் எண்ணலாம். ஆயினும் செங்கல்பட்டின் மாடி வீடுகளிலும் மாமல்லபுரம் கடலோரக் குப்பங்களிலும் இக்கேள்வி எழத்தான் செய்கின்றது. ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலய வாசலில் தயங்கி நின்று, "சாமி, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார் டாக்டர், அது பாவமா?" என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. கேளாமலே முடிவு செய்வோரும் உண்டு. அவர்கள் இருட்டிய பின் நாயை வண்டியில் ஏற்றிச் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர்.

இவ்வாறு கைவிடுவதைச் சட்டமே குற்றமெனக் கூறுகிறது. அதே கடற்கரைச் சாலையின் தொடக்கத்தில், திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல், 1953-இல் மாநிலங்களவையில் விலங்கு வதைத் தடுப்பு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாகப் பிறந்ததே 1960ஆம் ஆண்டுச் சட்டம். பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில், தக்க காரணமின்றி ஒரு விலங்கை விட்டுச் செல்வதை அச்சட்டம் கொடுமை என்று வரையறுக்கிறது. ஆனால் சட்டம் சொல்வது குறைந்த அளவு மட்டுமே. மனச்சான்று அதற்கு மேலும் கேட்கிறது.

நன்றி போற்றும் மரபு நம்முடையது. செங்கல்பட்டை அடுத்த வல்லம் குன்றில் குடைவரைக் கோவில் எழுந்தது முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில். அதே மன்னனுடைய 34ஆம் ஆட்சியாண்டில், செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்னும் வீரனின் கல் அது. அவனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என அதன் செயலையும் கல்லில் பொறித்து வைத்தனர் நம் முன்னோர். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது!

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கோவிவன் அன்று உயிர் பிழைத்து, மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்து, இடுப்பு ஒடுங்கிக் கொட்டிலின் மூலையில் முனகிக் கிடந்திருந்தால், அதற்கு யார் கல் நாட்டியிருப்பர்? பெற்ற பயனுக்கு நன்றி செலுத்துவது எளிது. பயன் தீர்ந்த பின்னும் தொடரும் நன்றிதான் நம் உள்ளத்தை அளந்து காட்டுகிறது.

திருவிவிலியத்தில் தோபித்து நூல் ஒரு நாயைக் காட்டுகிறது. இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்படும்போது நாய் உடன் செல்கிறது. திரும்பும்போதும் உடன் வருகிறது. அது கள்வரை விரட்டியதாகவோ வழி காட்டியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. உடன் சென்றது, அவ்வளவே. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் கோவில்களுள் ஒன்றுக்குப் பிற்காலத்தவர் தருமராசர் இரதம் என்று பெயரிட்டனர். அந்தத் தருமரைப் பற்றிய பாரதக் கதையின் இறுதியிலும் ஒரு நாய் வருகிறது. தம்பியரும் மனைவியும் வழியில் வீழ்ந்த பின்னும் தம்மைப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகம் புக அவர் இசையவில்லை. அந்த நாயும் அவருக்காகப் போரிட்டதன்று, துணையாக நடந்தது.

துணையாக நடத்தல் என்பதே இங்கு நமக்கு வழிகாட்டும் சொல். நாய் காட்டிலிருந்து நம்மிடம் தஞ்சம் கேட்டு நேற்று வந்த விலங்கன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் தன் தேவைக்கேற்ப அதனை வளர்த்துப் பழக்கி, தன்னைச் சார்ந்தே வாழும்படி ஆக்கிவிட்டான். நம்மால் சார்ந்து வாழ நேர்ந்த உயிர் நடக்க முடியாமற்போகும் நாளில், அதுவரை அது நம்முடன் நடந்தது போல் நாம் அதனுடன் மெல்ல நடக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

திருச்சபை இதற்கு இரு வேலிகளை இடுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானவை என்று 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கிறது. அதே பகுதியில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மீது திருப்புவதும் தகாது என்கிறது. செல்வர் ஒருவரின் வாயிலில் இலாசர் பசித்துக் கிடந்ததையும், நாய்கள் வந்து அவர் புண்களை நக்கியதையும் நாம் அறிவோம். நாய்க்கு மெத்தையும் இலாசருக்கு வாயிற்படியும் என்றிருக்கும் வீட்டில், நாய்மீது காட்டும் அன்பு தூய்மையானதாகாது.

ஆனால் முதிய நாயைப் பேணப் பெரும்பணம் வேண்டியதில்லை. வேண்டுவன கவனமும் பொறுமையும். நாய் தன் வலியை வாய்விட்டுச் சொல்லாது. படியேறத் தயங்கும், ஒரே மூட்டை ஓயாமல் நக்கும், தொட்டால் உறுமும். இதனைச் சோம்பல் என்றும் முரட்டுத்தனம் என்றும் நாம் தவறாகக் கொள்கிறோம். வழுக்கும் டைல்ஸ் தரை அதற்குப் பெரும் இடர். சாக்கையோ பழைய மிதியடியையோ விரித்தால் காலூன்றி எழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தரையில் கிடக்கவிடலாகாது. பாசத்தால் சோற்றை மேலும் மேலும் இட்டு உடல் பருக்கவிட்டால், தேய்ந்த மூட்டுகளின்மீது அச்சுமை முழுவதும் இறங்கும். நீண்ட ஓட்டம் வேண்டா. நாளும் சிறிது தூரம் மெல்ல நடத்தலே போதும். பின்னங்கால்கள் தளர்ந்தால், வயிற்றின்கீழ் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நடத்தலாம். எழவே இயலாவிடில், படுக்கைப்புண் வராதபடி அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நாம் விழுங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை இரக்கத்தால் கொடுத்துவிடலாகாது. அவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன; அங்கே கேட்டுச் செய்வதே முறை. அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சோழ, பாண்டிய நாடுகள் வரையில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகத் தம் கல்வெட்டில் குறித்திருக்கிறார். நம் மண்ணுக்கு இது புதிய கருத்தன்று.

இனி அந்த ஊசியைப் பற்றிய கேள்வி. மனித உயிரை முடிக்க எவருக்கும் உரிமையில்லை. நோயும் முதுமையும் அவ்வுரிமையைத் தருவதில்லை. விலங்கோ நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட படைப்பு. மருந்துக்கும் தணியாத வேதனையில் அது துடிக்கும்போது, மருத்துவரின் கையால் அமைதியான முடிவை அளிப்பது பாவமாகாது. எனினும் அதற்குமுன் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: யாருடைய துன்பத்தை முடிக்க விரும்புகிறோம்? நாயின் வேதனையையா, அல்லது தரையைத் துடைத்துக் கழுவும் நம் சலிப்பையா? இதன் மறுபக்கமும் உண்டு. பிரிய மனமில்லை என்பதற்காக, உண்ணவும் திரும்பவும் மாட்டாத உயிரை நாள்கணக்கில் இழுத்து நிறுத்துவதும் நம்மையே பேணிக்கொள்வதாகும். இரு பக்கத்திலும் தன்னலம் இரக்கத்தின் உடையை அணிந்து வரும். அதனை அடையாளம் காண்பவரே நேரிய முடிவெடுப்பர். முடிவெடுத்த பின், அந்த இறுதி நேரத்தில் அதன் தலைமீது கைவைத்து உடன் இருப்பதும் துணையாக நடத்தலின் ஒரு பகுதியே.

விலங்குகளிடம் கொடியவராய்ப் பழகுவோர் மனிதரிடமும் அவ்வாறே ஆகக்கூடும் என்பது புனித தோமா அக்குவினாஸ் கூறிய எச்சரிக்கை. அதன் மறுதலையும் உண்மையாகலாம். நம் வீடுகளில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடக்க முடியாத நாயை அப்பா என்ன செய்தார் என்பதை அவர்கள் மறப்பதில்லை. அடுத்த அறையில் மூட்டுவலியுடன் சுவரைப் பிடித்து நடக்கும் பாட்டியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாயையும் பாட்டியையும் ஒரே தட்டில் வைக்க நாம் துணியோம். ஆனால் பயன் தீர்ந்ததை விலக்கும் கை ஓரிடத்தில் பழகிவிட்டால், மற்றோரிடத்தில் தயங்கி நிற்குமா? மெல்ல நடப்பவருக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொள்ளக் கற்ற வீட்டில், முதுமை அச்சமின்றி வாழும்.